திடீர்னு ஆஃப் ஆகும் வீட்டு கம்ப்யூட்டர்: சூடா, எஸ்எம்பிஎஸ்ஸா, லைனா? (காவேரிப்பட்டணம்)

#1 தென்பெண்ணைக்கரை

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் ரெண்டு வாரமா திடீர் திடீர்னு ஆஃப் ஆகுது. விவரம் கீழே.

இன்டெல் ஐ5 4460, எச்81 போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கற பெட்டி) உள்ளூர் ரகம், மேலே 450 வாட்னு போட்டிருக்கு. 600 விஏ யுபிஎஸ். கிராபிக்ஸ் கார்டு மட்டும் சமீபத்தில் சேர்த்தது, மத்ததெல்லாம் பழசு.

ப்ளூ ஸ்க்ரீன் வர்றதில்லை. ஒயரைப் பிடுங்கின மாதிரி பட்டுனு போகுது. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டா 10, 15 நிமிஷத்துக்குள்ள போயிடும். அதே நேரம் சாயங்காலம் 6 மணிக்கு மேல சும்மா பிரௌசர் திறந்திருந்தாலும் போகுது. பகல்ல சும்மா வேலை பார்த்தா நாள் முழுக்க ஓடுது. ரேமை மாத்து, விண்டோஸை மறுபடி போடுன்னு கடையில சொல்றாங்க. செலவு பண்றதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

#2 பழுதுமேசை (தருமபுரி)

விண்டோஸ் மறுபடி போடுவதை இப்போதைக்கு மறந்துடுங்க. சாஃப்ட்வேர் கோளாறு பெரும்பாலும் ப்ளூ ஸ்க்ரீனாகவோ, ஹேங்காகவோ, தானாக ரீஸ்டார்ட்டாகவோ வரும். ரேம் கெட்டாலும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கின மாதிரி போனால் கரண்ட் எங்கோ அறுபடுகிறது. அது எங்கே என்று முதலில் பிரிக்கணும். மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஒன்று, அடுத்த தடவை ஆஃப் ஆகும்போது மானிட்டர் விளக்கைப் பாருங்க. மானிட்டரும் அதே யுபிஎஸ்ஸில்தானே இருக்கும்? விளக்கும் சேர்ந்து அணைந்தால் கோளாறு யுபிஎஸ், லைன், பிளக் பக்கம். விளக்கு எரிஞ்சுகிட்டு திரையில் "நோ சிக்னல்" வந்தால் கேபினட்டுக்கு உள்ளே. இந்த ஒரு சோதனைக்குப் பைசா செலவில்லை, பாதி சந்தேகம் இதிலேயே தீர்ந்துடும்.

இரண்டு, ஆஃப் ஆனதும் பவர் பட்டனை அமுக்கினால் உடனே ஆன் ஆகிறதா? அல்லது எஸ்எம்பிஎஸ் பின்னாடி ஸ்விட்சை அணைச்சு அரை நிமிஷம் விட்டுப் போட்டால்தான் ஆன் ஆகிறதா? இரண்டாவது என்றால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்திருக்கு என்று அர்த்தம்.

மூன்று, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் நிறைய இருக்கும். அது நோயின் பெயர் கிடையாது. முந்தைய தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகலை என்று அடுத்த தடவை ஆன் ஆகும்போது எழுதும் குறிப்பு, அவ்வளவுதான். 41-ஐப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மாத்தச் சொல்கிறவர்கள் நிறைய பேர். அதைத் திறந்து டீடெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் (ப்ளூ ஸ்க்ரீன் பிழை எண்) என்ன என்று பாருங்க. 0 என்றால் ப்ளூ ஸ்க்ரீன் இல்லாமல் போயிருக்கு. வேறு எண் இருந்தால் கதை வேறு. அந்த எண் தசம முறையில் இருக்கும்: 278 இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் அல்லது கார்டு, 292 இருந்தால் ஹார்டுவேர் பிழை, 26 இருந்தால் மெமரியைச் சந்தேகப்படலாம். அதே இடத்தில் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வரி இருக்கும். அது 0 ஆக இல்லாவிட்டால் பவர் பட்டன் அமுங்கிப் போயிருக்கு. பழைய கேபினட்டில் பட்டன் உள்ளேயே சிக்கி 4 நொடி அமுங்கினால் போதும், செட் அணைந்துடும். 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் முறையாகவே ஷட்டவுன் சொல்லியிருக்கு.

#3 பர்கூர்_கல்

எனக்கு முதல் சந்தேகம் சூடு. நம்ம பக்கம் கிரானைட் பட்டறை, ரோட்டுப் புழுதி எதுக்கும் பஞ்சமில்லை. அந்த வெள்ளைத் தூள் கோதுமை மாவு மாதிரி நைசு. ஃபேன் இறக்கையில் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் ஃபேனைக் கழட்டி ஹீட்சிங்கை மேலிருந்து பார்த்தால், அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் கம்பளித் துண்டு வைத்த மாதிரி ஒரு படலம் நிற்கும். காற்று உள்ளே போகவே போகாது.

சூட்டு அளவைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமைப் போட்டு சென்சார் ஜன்னலில் லாகிங்கை ஆன் பண்ணிட்டு எக்ஸ்போர்ட் விடுங்க. ஃபைலில் நொடிக்கு நொடி எழுதிகிட்டே இருக்கும். ஆஃப் ஆன பிறகு திறந்து கடைசி வரியைப் பாருங்க. இந்த ரக பிராசசர் 100 டிகிரி பக்கம் வந்தால் முதலில் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கு மேலும் ஏறினால்தான் அணையும். அதனால் சூட்டில் போகிற செட் போவதற்கு முன்னாடி இழுக்கும், ஃபேன் இரையும். கடைசி வரியில் 95க்கு மேல் இருந்தால் சூடுதான்.

சுத்தம் பண்ணும்போது ஈரத்துணி வேண்டாம். கல் தூளில் ஈரம் பட்டால் குழைந்து இறுகிடும். பெயிண்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடிச்சுக்கணும், சுத்த விடக்கூடாது. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைங்க. இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் காலும் "டிக்"னு உட்காரணும். போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் நாலு வெள்ளை முனையும் விரிந்து கருப்பு ஊசி நடுவில் தெரியணும். ஒரு கால் தூக்கினாலும் கூலர் சாய்ந்துடும், பேஸ்ட் எவ்வளவு வைத்தாலும் பிரயோஜனமில்லை.

#4 தென்பெண்ணைக்கரை

மூணு நாள் பார்த்து எழுதறேன்.

41 மொத்தம் 19 தடவை. எல்லாத்திலும் பக்செக்கோட் 0, பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் 0. 1074 எதுவும் சம்பந்தமில்லாம வரலை.

ஹீட்சிங்க்ல படலம் இருந்தது உண்மை. சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்தினேன். முன்னாடி எக்ஸ்போர்ட்ல 84 டிகிரி, இப்ப 71. ஆனா 71லயும் ஆஃப் ஆகுது. லாக் ஃபைலோட கடைசி வரி: பிராசசர் 71, கார்டு 66.

மானிட்டர் விஷயம்தான் குழப்பம். எக்ஸ்போர்ட் போடறப்ப போனா மானிட்டர் விளக்கு எரியுது, நோ சிக்னல் வருது. பட்டன் அமுக்கினா ஆன் ஆகலை, பின்னாடி ஸ்விட்சை அணைச்சுப் போட்டாதான் வருது. சாயங்காலம் போறப்ப மானிட்டரும் சேர்ந்து அணையுது. யுபிஎஸ்ல ஒரு "டக்" சத்தம், அப்புறம் நீளமா ஒரு பீப்.

#5 ஓசூர்_பெஞ்ச்

குழப்பமே இல்லை, இது ரெண்டு கோளாறு. ரெண்டும் ஒரே மாதிரி முடிவதால் ஒன்றாகத் தெரிகிறது. எக்ஸ்போர்ட்டில் போவது எஸ்எம்பிஎஸ். சாயங்காலம் போவது யுபிஎஸ். ஒன்றை மட்டும் சரி செய்திருந்தால் "மாத்தியும் போகுதே" என்று போர்டு வரைக்கும் மாத்தியிருப்பீங்க. இனிமேல் ரெண்டையும் தனித்தனியாகவே பாருங்க.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் நான் சொல்றேன். மேலே எழுதிய 450-ஐ விட்டுடுங்க. பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. இந்தக் காலத்து செட்டில் பிராசசர், கார்டு ரெண்டுமே 12 வோல்ட்டில்தான் தின்னும். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 14 = 168 வாட், அதுதான் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் நிஜ பலம். 3.3, 5 வோல்ட் ஆம்பியரை எல்லாம் கூட்டித்தான் 450 வந்திருக்கும். உங்கள் பிராசசர் 84 வாட், கார்டு 75 வாட், போர்டில் மின்சாரம் மாறும்போது ஆகும் சேதாரம், ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 180 பக்கம் வரும். பிராசசர் மட்டும் ஓடினால் தாங்கும், ரெண்டும் சேர்ந்தால் தாங்காது.

நிரூபிக்க இப்படிச் செய்யுங்க. பிராசசருக்கு முழு சுமை கொடுக்கும் பிரைம்95 மட்டும் 15 நிமிஷம். பிறகு கார்டுக்கு முழு சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மட்டும் 15 நிமிஷம். பிறகு ரெண்டும் சேர்த்து. பக்கத்திலேயே இருங்க, கருகல் வாசனை வந்தால் உடனே மெயினை அணையுங்க. அப்போதே மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைச்சு, எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து வந்து சும்மா தொங்கும் மோலக்ஸ் (நாலு ஓட்டை) பிளக்கில் கருப்பு ஒயர் ஓட்டையில் கருப்பு முனை, மஞ்சளில் சிவப்பு முனை. முனையைக் குத்தும்போது செட் அணைந்திருக்கட்டும். முனை நழுவி பக்கத்து ஓட்டையைத் தொட்டால் ஷார்ட்.

12 வோல்ட் வரியில் 5 சதவீதம் வரை ஏறலாம் இறங்கலாம்: 11.40 முதல் 12.60 வரை. 5 வோல்ட் வரியில் 4.75 முதல் 5.25 வரை. சிவப்பு ஒயரையும் அளங்க. மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 12ஐயும் 5ஐயும் ஒரே சர்க்யூட் சேர்த்துக் கட்டுப்படுத்தும். 12 இழுபட்டால் அதைத் தூக்கப் பார்த்து 5 மேலே ஏறும். 12 கீழே, 5 மேலே என்று ரெண்டும் எதிரெதிராகப் போனால் சுமை தாங்கலை என்று எழுதி வைச்சுக்கலாம்.

#6 வயர்மேன்_அரூர்

சாயங்காலக் கேஸ் என்னுடையது. 6 மணிக்கு உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ போர் மோட்டார் போடுறாங்களா பாருங்க. மோட்டார் கிளம்பும்போது ஓடுற கரண்டை விட அஞ்சாறு மடங்கு இழுக்கும். லைன் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் நேரத்துல அந்த ஒரு நொடிக்கு வோல்டேஜ் தொபுக்குனு விழும். டியூப் லைட் ஒரு தடவை மினுக்கும். யுபிஎஸ் அதைப் பார்த்து பேட்டரிக்கு மாறும், அந்த "டக்" சத்தம் அதோட ரிலே. பேட்டரி நல்லா இருந்தா ரெண்டு நொடியில மறுபடி லைனுக்கு வந்துடும். பேட்டரி செத்திருந்தா மாறின அடுத்த கணமே ஆஃப்.

கம்ப்யூட்டரை வச்சு யுபிஎஸ்ஸை சோதிக்காதீங்க, டிஸ்க்கு கெடும். 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை யுபிஎஸ்ல மாட்டி, யுபிஎஸ்ஸோட பிளக்கை சுவத்துல இருந்து எடுங்க. உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இருக்கும். நல்ல பேட்டரின்னா 100 வாட்டை 10 நிமிஷமாவது தாங்கணும். ஒரு நிமிஷம் கூட நிக்கலைன்னா பேட்டரி போச்சு. ரெண்டு மூணு வருஷம்தான் அதோட ஆயுசு. சூடான இடத்துல வச்சா அதுவும் இல்லை.

இன்னொண்ணு, லேசர் பிரிண்டர் யுபிஎஸ்ல மாட்டியிருந்தா உடனே எடுத்துடுங்க. உள்ளே உருளை சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் நிஜத்துல 360 வாட்தான்.

#7 ஊத்தங்கரை_25

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க இவ்வளவு எதுக்கு? 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கருப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைச்சா ஃபேன் சுத்துதான்னு தெரிஞ்சிடும். சுத்தினா நல்லது, இல்லைன்னா கெட்டது.

#8 ஓசூர்_பெஞ்ச்

அது எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கா என்று மட்டும் சொல்லும். சுமையே இல்லாமல் 12.05 காட்டும் எஸ்எம்பிஎஸ் 10 ஆம்பியர் இழுத்ததும் 11க்குக் கீழே விழலாம். இவருடைய செட் ஆன் ஆகிறது, பகல் முழுக்க ஓடுகிறது. அதனால் கிளிப் சோதனை இங்கே புதிதாக எதையும் சொல்லாது.

ஆர்வத்தில் எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யாரும் திறக்காதீங்க. உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் நிற்கும். வெளியே இருந்தே காற்றோட்ட ஓட்டை வழியாக டார்ச் அடிச்சுப் பார்க்கலாம். கெப்பாசிட்டர் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கண்ணாலேயே முடிவு பண்ணிடலாம்.

#9 தென்பெண்ணைக்கரை

அளந்தாச்சு. லேபிள்ல +12 வோல்ட் 14 ஆம்பியர்தான், நீங்க கணக்கு போட்ட அதே எண்.

சும்மா இருக்கறப்ப 11.86. பிரைம்95 மட்டும்: 11.61, 15 நிமிஷம் ஓடுச்சு. ஃபர்மார்க் மட்டும்: 11.58, ஓடுச்சு. ரெண்டும் சேர்த்து: 11.31ல ஆரம்பிச்சு மெதுவா இறங்கி, 6 நிமிஷத்துல 11.18 காட்டறப்ப ஆஃப். அந்த நேரம் 5 வோல்ட் வரியில 5.23.

போர்டுல பிராசசர் பக்கம் இருக்கற 4 பின் கனெக்டரைக் கழட்டினேன். ஒரு மஞ்சள் ஒயர் பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துல இருக்கு, விளிம்பு லேசா உருகியிருக்கு.

யுபிஎஸ்: 100 வாட் பல்பு 40 நொடி எரிஞ்சு அணைஞ்சுது. பேட்டரி மூணரை வருஷம் ஆனது. மோட்டாரும் சரியா இருக்கு, சாயங்காலம் தொட்டி நிரப்பற நேரம் அதுதான். மீட்டரை ஏசில வச்சேன்: 7 மணிக்கு 194 வோல்ட், மோட்டார் கிளம்பறப்ப ஒரு கணம் 160க்குக் கீழே போய் 186க்கு வந்து நின்னுது. யுபிஎஸ் லேபிள்ல கீழ்வரம்பு 165.

#10 ஓசூர்_பெஞ்ச்

எல்லாம் பொருந்துது. மீட்டர் மெதுவானது, அது 11.18 காட்டும்போது நிஜத்தில் நொடிக்கும் குறைவான நேரத்துக்கு இன்னும் கீழே விழுந்திருக்கும்.

புது எஸ்எம்பிஎஸ் எடுக்கும்போது 12 வோல்ட்டில் 30 ஆம்பியராவது லேபிளில் இருக்கணும், 80 ப்ளஸ் முத்திரை (மின்சாரச் சேதாரம் குறைவு என்ற சான்று) இருக்கணும். கையில் தூக்கிப் பாருங்க. காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் வேண்டாம். அந்த டீ நிறக் கனெக்டரை லேசாக எடுத்துக்காதீங்க. பின் தளர்ந்து, தொடர்பு குறைந்து, அங்கேயே சூடாகி மேலும் தளர்ந்திருக்கு. எஸ்எம்பிஎஸ் மாறினால் ஒயர் பக்கம் புதுசாகிடும், போர்டு பக்கம் ஊசி பழசு. அது கருத்திருந்தால் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் பண்ணுங்க, ஒரு வாரம் கழித்து எக்ஸ்போர்ட் ஓடும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியலை என்றால் அந்த சாக்கெட்டை மாற்றி சால்டர் பண்ணணும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி (லைனில் இருந்து கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) இருக்கும். சின்ன யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது கொடுப்பது படிப்படியான சதுர அலை. சில ஜோடிகள் ஒத்துப்போகாது, மாறும் கணத்தில் செட் அணைந்துடும். புது பேட்டரி போட்டதும் முதல் வேலையாக, எல்லாவற்றையும் சேவ் பண்ணிட்டு, பயாஸ் திரையில் (விண்டோஸ் வருவதற்கு முன்னாடி வரும் செட்டிங்ஸ் திரை) நிற்கும்போது யுபிஎஸ் பிளக்கை நாலைந்து தடவை எடுத்துப் போட்டுப் பாருங்க. அந்தத் திரையில் டிஸ்க்கில் எதுவும் எழுதாது, அதனால் பயமில்லை.

#11 பர்கூர்_கல்

சூடு முக்கியக் காரணம் இல்லை, ஒத்துக்கறேன். ஆனால் 84ல் இருந்து 71க்கு இறங்கினதை விட்டுடாதீங்க. எஸ்எம்பிஎஸ் ஃபேனும் அதே தூளைத்தான் இழுக்குது. கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முழ உயரத்தில் வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊதுங்க.

#12 ஊத்தங்கரை_25

யுபிஎஸ் பேட்டரிக்கு எதுக்குச் செலவு, வீட்டு இன்வெர்ட்டர் லைனிலேயே கம்ப்யூட்டரைப் போட்டுட்டா என்ன?

#13 வயர்மேன்_அரூர்

போடலாம், ஆனா இன்வெர்ட்டர் பின்னாடி உள்ள ஸ்விட்ச் யுபிஎஸ் மோடுல இருக்கணும். ஈகோ மோடுல இருந்தா லைன் 100, 110 வோல்ட் வரைக்கும் விழுந்தாலும் அப்படியே விட்டுடும், மாறவும் நேரம் எடுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். எஸ்எம்பிஎஸ் உள்ளே கரண்ட் இல்லாம தாக்குப்பிடிக்கிறது 15, 20 மில்லிசெகண்ட்தான். யுபிஎஸ் மோடுல 180 பக்கம் வந்தா மாறிடும், சீக்கிரமாவும் மாறும். ஆனா இவர் வீட்டுல சாயங்காலம் நிக்கிறதே 186. யுபிஎஸ் மோடு போட்டா இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குப் போயி, நிஜமா கரண்ட் போகும்போது பேட்டரி காலியா இருக்கும். இவருக்குத் தனி யுபிஎஸ்தான் சரி.

#14 தென்பெண்ணைக்கரை

எஸ்எம்பிஎஸ் மாத்தியாச்சு, லேபிள்ல 12 வோல்ட் 33 ஆம்பியர். ரெண்டு சோதனையும் சேர்த்து 40 நிமிஷம் ஓட்டினேன்: 12.08ல ஆரம்பிச்சு 12.02ல நின்னுது, 5 வோல்ட் 5.04ல அசையவே இல்லை. யுபிஎஸ் பேட்டரி புதுசு. பயாஸ்ல வச்சு 5 தடவை பிளக்கை எடுத்தேன், 5 தடவையும் தாங்குச்சு. சாயங்காலம் மோட்டார் போடறப்ப "டக்" கேக்குது, செட் போகலை.

ரெண்டு விஷயம் மிச்சம். மோட்டாரால விழற வோல்டேஜைக் குறைக்க வழி இருக்கா? கேபினட்டைத் தொட்டா லேசா சுள்ளுன்னு இருக்கு, இது எஸ்எம்பிஎஸ் மாத்தறதுக்கு முன்னாடியும் இருந்தது.

#15 வயர்மேன்_அரூர்

மோட்டார் பாக்ஸைத் திறந்தா உள்ளே ரெண்டு கெப்பாசிட்டர் இருக்கும், ஒண்ணு கிளம்பறதுக்கு, ஒண்ணு ஓடுறதுக்கு. மெயினை அணைச்சு, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு அளக்கணும். மேல எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட்ல இருந்து 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா மாத்துங்க. கெப்பாசிட்டர் இளைச்சா மோட்டார் முக்கி முக்கிக் கிளம்பும், வோல்டேஜ் விழுந்தே கிடக்கும்.

சுள்ளுன்னு அடிக்கிறது எர்த் இல்லாததால. எஸ்எம்பிஎஸ்ல ரெண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல உடம்போட சேர்ந்திருக்கும். எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும், இல்லைன்னா உடம்புல பாதி வோல்டேஜ், அதாவது 100க்கு மேல காட்டும். முதல்ல பிளக்கோட பெரிய முள்ளு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல பச்சை ஒயர் ரெண்டையும் பாருங்க. பாக்ஸ்ல மூணு ஓட்டை இருக்கும், உள்ளே ரெண்டு ஒயர்தான் ஓடும், இது நிறைய வீட்டுல இருக்கு.

அது சரியா இருந்தா எர்த் குழி. மீட்டரை ஏசில வச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பல்பு வச்சு ஃபேஸ்ல இருந்து எர்த்துக்குச் சோதிக்கிறதை நீங்களா செய்யாதீங்க. குழி காய்ஞ்சிருந்தா அந்தச் சோதனையில ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாத்தோட உடம்பிலும் ஃபேஸ் ஏறிடும், வயர்மேனை வச்சுத்தான் பார்க்கணும். நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டமும் பாறை பூமி, நாலடியிலேயே கல் தட்டிடும். கோடையில குழி வறண்டா எர்த் பேருக்குத்தான். கரியும் உப்பும் போட்ட குழியா இருந்தாலும் மாசி, பங்குனியில இருந்தே வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.

#16 தென்பெண்ணைக்கரை

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் அண்ணா. திறந்து பார்த்தேன், பச்சை ஒயரே இல்லை. மூணு ஒயர் போட்டு மாத்தினதும் கேபினட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல 112 காட்டினது 1க்கும் கீழே வந்துடுச்சு. நியூட்ரல், எர்த் 1.8. மோட்டார் பாக்ஸை ஞாயித்துக்கிழமை வயர்மேன் வந்து பார்க்கறார், அளவை இங்கேயே போடறேன்.